எழும்பூருக்கும் சென்ட்ரலுக்கும் நடுவே இரண்டு கிலோமீட்டர்

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். காபி போட்டு எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

போன மாதம் டெல்லி போக வேண்டியிருந்தது. சென்னையில் படிக்கும் பேத்திதான் டிக்கெட் போட்டுக் கொடுத்தாள். ஊரிலிருந்து வரும் வண்டி காலையில் எழும்பூர் வந்து சேரும். டெல்லி வண்டி சென்ட்ரலில். "ரெண்டுக்கும் நடுவுல மூணு மணி நேரமாவது விடும்மா" என்றேன். "எதுக்கு தாத்தா மூணு மணி நேரம்? எழும்பூர்ல கீழ இறங்குனா மெட்ரோ. அடுத்த ஸ்டேஷன் சென்ட்ரல். பத்து ரூபா டிக்கெட்" என்று சிரித்தாள்.

அவள் சொன்னது சரிதான். ஆனால் எனக்கு அந்த மூன்று மணி நேரம் அறிவில் இல்லை, உடம்பில் இருக்கிறது. என் வயதுள்ள தென்மாவட்டத்துக்காரர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். எழும்பூரில் இறங்கி சென்ட்ரல் போகிறோம் என்றால், எழுநூறு கிலோமீட்டர் வந்த அலுப்பைவிட இந்த இரண்டு கிலோமீட்டர்தான் பெரிய பயணம். பெட்டி, படுக்கை, கூஜா, கைக்குழந்தை, வாசலில் நிற்கும் வண்டிக்காரர்கள், பேரம். ரயிலில் டிக்கெட் விலை அச்சடித்திருக்கும். இந்த இரண்டு கிலோமீட்டருக்கு மட்டும் விலை எங்கேயும் அச்சடித்திருக்காது.

முப்பது வருஷம் வரலாறு நடத்தியவன் என்பதால் ஒரு கேள்வி விடாமல் துரத்துகிறது. ஒரே ஊரில் இரண்டு பெரிய நிலையங்களை ஏன் இப்படித் தள்ளித் தள்ளிக் கட்டினார்கள்? நடுவில் இருக்கும் தூரத்தை ஏன் நம் தலையில் கட்டினார்கள்?

இரண்டு கம்பெனி, இரண்டு அகலம்

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1ஆம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. ஓட்டியது மெட்ராஸ் ரயில்வே கம்பெனி. லண்டனில் உட்கார்ந்திருந்த இயக்குநர்கள், லண்டன் பங்குதாரர்கள். போட்ட பணத்துக்கு 5 சதவீத வருமானம் கட்டாயம் கிடைக்கும் என்று அரசு உத்தரவாதம் கொடுத்திருந்தது. வருமானம் குறைந்தால் அந்தக் குறை இந்திய வரிப்பணத்திலிருந்து நிரப்பப்படும். நஷ்டம் நம்முடையது, லாபம் அவர்களுடையது.

அந்தக் கம்பெனியின் தண்டவாளம் அகலப் பாதை. ஐந்தடி ஆறு அங்குலம், அதாவது 1676 மில்லிமீட்டர். கவர்னர் ஜெனரல் டல்ஹவுசி காலத்தில் முடிவான அளவு அது. ராயபுரத்தில் நெரிசல் கூடியதும், அதே கம்பெனி பார்க் டவுனில் 1873இல் இன்னொரு நிலையம் திறந்தது. ஜார்ஜ் ஹார்டிங் வரைந்த கட்டடம். பிறகு சிஷோம் அதை மாற்றி முடித்தார். அதுதான் நம் சென்ட்ரல். வடக்கேயும் மேற்கேயும் போகிறவர்களின் வாசல்.

இதற்குள் கல்கத்தாவில் ஒரு கணக்குப் போட்டார்கள். அகலப் பாதை போட நிறையச் செலவாகிறது. பாதையைக் குறுக்கினால் பாலம் சிறிதாகும், எஞ்சின் சிறிதாகும், செலவு குறையும். வைசிராய் மேயோ காலத்தில், 1870இல், சிக்கனத்துக்காக மீட்டர் பாதை என்று முடிவானது. ஆங்கில அடி, அங்குலக் கணக்கில் ஓடிய அரசாங்கம் ஏன் மீட்டருக்குப் போனது என்று வகுப்பில் பிள்ளைகள் கேட்பார்கள். அப்போது இந்தியாவில் மெட்ரிக் அளவை கொண்டுவரும் யோசனை இருந்தது. அளவை வர இன்னும் எண்பது, தொண்ணூறு வருஷம் ஆனது. தண்டவாளம் மட்டும் முந்திக்கொண்டது.

தெற்கே ரயில் போட்டது வேறு கம்பெனி. நாகப்பட்டினத்திலிருந்து திருச்சிக்கு 1860களின் தொடக்கத்தில் கிரேட் சதர்ன் கம்பெனி போட்டது முதலில் அகலப் பாதையாகத்தான் இருந்தது. 1874இல் அது இன்னொரு கம்பெனியோடு சேர்ந்து சவுத் இந்தியன் ரயில்வே ஆனது. சேர்ந்த சூட்டோடு, போட்டிருந்த அகலப் பாதையைப் பிடுங்கி மீட்டர் பாதையாகக் குறுக்கினார்கள். ஆம், குறுக்கினார்கள். அதற்கு நூறு வருஷம் கழித்துப் பெரும் செலவில் நாம் திரும்ப அகலமாக்கினோம். 1880 வாக்கில் சென்னையிலிருந்து தஞ்சாவூர், திருச்சி, மதுரை வழியாகத் தூத்துக்குடி வரை மீட்டர் பாதை வந்துவிட்டது.

அந்தக் கம்பெனியின் சென்னை வாசல் எழும்பூர். இப்போது நாம் பார்க்கும் சிவப்புக் கட்டடம் 1908 ஜூன் 11இல் திறந்தது. வடிவமைத்தவர் ஹென்றி இர்வின், கட்டியவர் பெங்களூர் காண்டிராக்டர் சாமிநாத பிள்ளை, செலவு 17 லட்சம் ரூபாய். வசதியுள்ளவர்களின் வண்டி பிளாட்பாரத்துக்குள்ளேயே வந்து ரயில் பெட்டி வாசலில் நிற்கும்படி வழி வைத்திருந்தார்கள். பெட்டியிலிருந்து கால் வைத்தால் கார். அந்த வகுப்பில் பயணம் செய்தவர்களுக்கு இந்த இரண்டு கிலோமீட்டர் தொந்தரவு தெரிந்தே இருக்காது.

ஆக, அகலம் வேறு, கம்பெனி வேறு, நிலையம் வேறு. திருநெல்வேலியிலிருந்து வருகிறவர் பம்பாய்க்கோ கல்கத்தாவுக்கோ போக வேண்டுமானால் எழும்பூரில் இறங்கியே ஆக வேண்டும். அவருடைய ரயில் பெட்டி அடுத்த கம்பெனியின் தண்டவாளத்தில் உட்காரவே உட்காராது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். இரண்டு அகலமும் சந்திக்கும் ஊர்களில் சரக்கு மூட்டைகளை ஒரு வேகனிலிருந்து இறக்கி இன்னொரு வேகனில் ஏற்ற ரயில்வேயே ஏற்பாடு செய்திருந்தது. அதற்குக் கொட்டகை உண்டு, கூலி ஆள் உண்டு, கணக்கு உண்டு. அரிசி மூட்டைக்கு இருந்த ஏற்பாடு எழும்பூரில் இறங்கிய மனிதருக்கு இல்லை. அவரை வாசலில் கொண்டுவந்து விட்டுவிட்டார்கள். மீதியை வாசலில் நின்ற ஜட்காவும் ரிக்‌ஷாவும் பார்த்துக்கொண்டன.

வாசலில் நின்றவர்கள்

முதலில் ஜட்கா. ஒற்றைக் குதிரை, வளைந்த கூண்டு, உள்ளே வைக்கோல் பரப்பி மேலே ஒரு விரிப்பு. பின்பக்கமாக ஏற வேண்டும். பாரம் பின்னால் சாய்ந்தால் குதிரை முன்னால் தூக்கும், "முன்னால தள்ளி உக்காருங்க" என்று வண்டிக்காரர் சத்தம் போடுவார். பழைய ஆட்களுக்கு ஞாபகம் இருக்கும். நிலைய வாசலில் வாடகை வண்டி என்றாலே தகராறு என்பது அன்றைக்கே ஆரம்பித்துவிட்டது. வாடகை வண்டிகளை ஒழுங்குபடுத்த என்றே சென்னை மாகாணத்தில் 1911இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். ஆட்டோ மீட்டர் சண்டைக்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது என்று இதிலிருந்து தெரிந்துகொள்ளலாம்.

எழும்பூர் வாசலில் நடந்த ஒரு வண்டிக் கதை வரலாற்றுப் புத்தகங்களில் இருக்கிறது. 1897 பிப்ரவரி 6. இப்போதைய கட்டடம் வருவதற்கு முன்பு. மேல்நாடு போய்த் திரும்பிய விவேகானந்தர் கும்பகோணம் பக்கமிருந்து ரயிலில் எழும்பூர் வந்து இறங்குகிறார். பெருங்கூட்டம். அவர் ஏறிய கோச்சு வண்டியின் குதிரைகளை வழியில் அவிழ்த்துவிட்டு இளைஞர்களே வண்டியை இழுத்துப் போனார்கள். கடற்கரையில் இருந்த ஐஸ் ஹவுஸ் கட்டடத்தில்தான் அவர் தங்கினார். இன்றைய விவேகானந்தர் இல்லம்.

மனிதனை மனிதன் இழுப்பது அன்று மரியாதை. ஆனால் அதே வாசலில் பிறகு பல பத்தாண்டுகள் மனிதனை மனிதன் இழுத்தது மரியாதைக்காக இல்லை. கை ரிக்‌ஷா. ஜப்பானில் 1870க்குச் சற்று முன்பு உருவான வண்டி. பெயரே ஜப்பானியப் பெயர்தான், ஆள் பலத்தால் ஓடும் வண்டி என்று பொருள். கல்கத்தா, சென்னை என்று பரவியது. குதிரைக்குத் தீனி போட வேண்டும், லாயம் வேண்டும். ரிக்‌ஷா இழுக்கிறவர் தன் தீனியைத் தானே பார்த்துக்கொள்வார், இரவில் வண்டியின் மேலேயே சுருண்டு படுத்துக்கொள்வார். அதனால் குதிரையைவிட மனிதன் மலிவாகிப் போனான்.

1970, எங்கள் சவாரி

இதை நான் எழுதியாக வேண்டும். பல வருஷம் யாரிடமும் சொன்னதில்லை.

1970இல் எனக்குப் பதினைந்து வயது. அண்ணனுக்கு டெல்லியில் வேலை கிடைத்திருந்தது. அவரைப் பார்க்க அப்பாவும் நானும் கிளம்பினோம். தூத்துக்குடி வண்டியில் எழும்பூர் வந்து இறங்கினோம். சென்ட்ரலில் ஜி.டி. எக்ஸ்பிரஸ். கையில் ஒரு டிரங்குப் பெட்டி, சுருட்டிய படுக்கை, அம்மா கொடுத்துவிட்ட முறுக்கு டின், ஒரு சாக்கில் அரிசி. டெல்லியில் அரிசி கிடைக்காது என்று அம்மாவுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள்.

டாக்சி நின்றது, கறுப்பு உடம்பும் மஞ்சள் கூரையும். அப்பா அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு கை ரிக்‌ஷாக்காரர் வந்தார். அப்பாவைவிட வயதானவர். ஒன்றரை ரூபாய் கேட்டார். அப்பா முக்கால் ரூபாய்க்குப் பேசி முடித்தார். பேரத்தில் ஜெயித்த சந்தோஷம் அப்பா முகத்தில் இருந்தது. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, பட்டணத்தில் அப்பாவை யாரும் ஏமாற்ற முடியவில்லையே என்று.

எழும்பூர் நிலையத்தின் முகப்பு ஒரு பக்கம், பூந்தமல்லி நெடுஞ்சாலை தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம். காந்தி இர்வின் பாலம் ஏறி இறங்கித்தான் போக வேண்டும். நடந்து போகிறவருக்கு அது ஒரு பொருட்டில்லை. இரண்டு பேரையும் ஒரு டிரங்குப் பெட்டியையும் அரிசிச் சாக்கையும் இழுத்துக்கொண்டு ஏறுகிறவருக்கு அது மலை. பாதி ஏற்றத்தில் அவர் நின்றார். இருமினார். கட்டையைப் பிடித்தபடியே தலையைக் குனிந்து கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். பிறகு மறுபடி இழுத்தார்.

நாங்கள் இறங்கவில்லை. அதுதான் விஷயம். அப்பா கெட்டவர் இல்லை. ஊரில் மாட்டு வண்டி மேட்டில் ஏறும்போது மாட்டுக்குச் சிரமம் என்று இறங்கி நடப்பவர். அன்றைக்கு அவருக்கு அது தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது, ஆனால் வாய் திறக்கவில்லை. கூலி பேசியாயிற்று, இனி அவர் பாடு என்று நினைத்தோமோ என்னவோ. சென்ட்ரலில் அப்பா பேசிய முக்கால் ரூபாயை எண்ணிக் கொடுத்தார். ஒரு பைசா கூடுதலில்லை.

மூன்று வருஷம் கழித்து, 1973இல், கலைஞர் ஆட்சியில் தமிழ்நாட்டில் கை ரிக்‌ஷா ஒழிக்கப்பட்டது. இழுத்தவர்களுக்குப் பதிலாக சைக்கிள் ரிக்‌ஷா கொடுத்தார்கள். கல்லூரி விடுதியில் செய்தித்தாளில் அதைப் படித்தபோது எனக்கு அந்தப் பாலம்தான் ஞாபகம் வந்தது. எங்களிடம் இல்லாத மனசு ஒரு அரசாணையில் இருந்தது. சட்டம் எதற்கு, மனிதர்கள் தாமாகத் திருந்த மாட்டார்களா என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். முக்கால் ரூபாய்க்குப் பேசி முடித்தவர்கள் தாமாக இறங்க மாட்டார்கள்.

கம்பெனி போனது, இடைவெளி போகவில்லை

இரண்டு கம்பெனி இருந்ததால் இரண்டு நிலையம் என்றால், கம்பெனிகள் போன பிறகு? 1951 ஏப்ரல் 14இல் தெற்கே இருந்த ரயில்வேக்களை ஒன்று சேர்த்து தென்னக ரயில்வே உருவானது. இந்தியாவின் முதல் ரயில்வே மண்டலம் அதுதான். எழும்பூருக்கும் சென்ட்ரலுக்கும் ஒரே முதலாளி, அதுவும் நம் அரசாங்கம். ஆனாலும் தண்டவாளத்தின் அகலம் மாற இன்னும் ஐம்பது வருஷம் ஆனது. கல்கத்தாவில் எடுத்த ஒரு சிக்கன முடிவைச் சுதந்திர இந்தியா அரை நூற்றாண்டு சுமந்தது.

மின்சார ரயில் இருந்ததே என்று சிலர் கேட்பீர்கள். பீச் - தாம்பரம் மின்சார ரயில் 1931இலேயே வந்துவிட்டது. எழும்பூரில் ஏறினால் அடுத்த நிறுத்தம் பார்க். பார்க் நிலையம் சென்ட்ரலுக்கு எதிரேதான். ஆனால் நடுவில் பூந்தமல்லி நெடுஞ்சாலை. டிரங்குப் பெட்டியோடு எழும்பூரில் பிளாட்பாரம் மாறி, மின்சார ரயிலின் கூட்டத்தில் ஏறி, ஒரே நிமிஷத்தில் இறங்கி, படி ஏறி, சாலை தாண்டி. கைவீசிக்கொண்டு போகிறவருக்கு அது வழி. குடும்பத்தோடு போகிறவருக்கு அது வழியில்லை.

1986இல் நான் ஆசிரியராகி, முப்பத்தெட்டுப் பிள்ளைகளை ஆக்ரா சுற்றுலா அழைத்துப் போனேன். எழும்பூரில் இறங்கிக் கணக்குப் பார்த்தால், ஆட்டோக்காரர்கள் கேட்ட பணத்துக்குப் பிள்ளைகளுக்கு இரண்டு வேளை சாப்பாடு போடலாம். ஒரு மீன்பாடி வண்டி பிடித்து மூட்டைகளை எல்லாம் அதில் ஏற்றி, உடன் வந்த ஆசிரியரை அதோடு அனுப்பிவிட்டு, பிள்ளைகளை இரட்டை வரிசையில் நடத்திக்கொண்டு போனேன். ரிப்பன் மாளிகையைக் காட்டி, 1913இல் திறந்தது, உள்ளாட்சிக்கு வழிவகுத்த ரிப்பன் பிரபு பெயர் என்றேன். விக்டோரியா பப்ளிக் ஹாலைக் காட்டினேன். சென்ட்ரலை ஒட்டி மூர் மார்க்கெட் இருந்த இடத்துக்கு வந்ததும் நின்றேன். முந்தைய வருஷம், 1985 மே மாதம், அது எரிந்து போயிருந்தது. நான் பி.ஏ. படிக்கும்போது வரலாற்றுப் புத்தகங்களைப் பழைய விலையில் வாங்கிய கடைகள் அங்கேதான் இருந்தன. இப்போது புறநகர் ரயில் முனையம் இருக்கும் இடம்.

பிள்ளைகளுக்கு அந்த நடை பிடித்திருந்தது. அவர்களில் சிலர் இப்போது தாத்தா பாட்டி ஆகும் வயதில் இருக்கிறார்கள். தாஜ்மகாலைவிட அந்த நடைதான் ஞாபகம் இருக்கிறது என்று ஒருத்தி போன வருஷம் சொன்னாள்.

ஆட்டோக்காரர் சொன்ன கணக்கு

2012. வீட்டம்மாவுக்கு வைத்தியம் பார்க்க எழும்பூரில் இறங்கி, சென்ட்ரலில் வேறு வண்டி பிடித்து வேலூர் போக வேண்டும். அவளுக்கு முழங்கால் முடியாது. ஆட்டோக்காரர் நூற்று இருபது கேட்டார். அன்றைய அரசுக் கட்டணப்படி முதல் 2 கிலோமீட்டருக்கு 14 ரூபாய். நான் ஆசிரியர் இல்லையா, சட்டம் பேசினேன். "மீட்டர் போடுங்க" என்றேன். அவர் கோபப்படவில்லை. சிரித்தார்.

"சார், காலையில நாலு மணிக்கு வந்து வரிசையில நிக்கிறேன். இப்போ ஏழு. மூணு மணி நேரம் நின்னு உங்களை ஏத்துறேன். நீங்க தாம்பரம்னு சொன்னா எனக்குச் சவாரி. சென்ட்ரல்னு சொல்றீங்க. போயிட்டுத் திரும்பி வந்தா நான் வரிசையில கடைசி. மறுபடி மூணு மணி நேரம். வண்டி என்னுது இல்ல, வாடகை கட்டணும். தண்டல்காரன் சாயங்காலம் வருவான். பதினாலு ரூபாய்க்கு நான் என்ன செய்யட்டும், நீங்களே சொல்லுங்க."

எனக்குப் பதில் தெரியவில்லை. நிலைய வாசலில் குறைந்த தூரத்துக்குத்தான் அதிகப் பணம் கேட்பார்கள் என்பதை நாம் எல்லோரும் அனுபவித்திருக்கிறோம். அது பேராசை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். தூரத்துக்கு விலை வைத்த சட்டம், காத்திருந்த நேரத்துக்கு விலை வைக்கவில்லை. அந்த நேரத்தின் விலையைக் கடைசியில் வந்து ஏறுகிறவர் தலையில் அவர் வைக்கிறார். அவர் செய்தது சரி என்று சொல்லவில்லை. நூற்று இருபது அதிகம்தான். எண்பதுக்கு ஒப்புக்கொண்டு ஏறினோம். ஆனால் 1970இல் போல ஜெயித்த சந்தோஷம் வரவில்லை.

அடுத்த வருஷம், 2013 ஆகஸ்டில், அரசு கட்டணத்தைத் திருத்தியது. முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 12. கொஞ்ச நாள் எல்லா ஆட்டோவிலும் மீட்டர் ஓடியது. பிறகு அந்தக் கட்டணம் பத்து வருஷத்துக்கு மேல் திருத்தப்படாமலே கிடந்தது. நடுவில் 2021இல் சென்னையில் பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாயைத் தாண்டியது. சட்டப்படி ஓட்டினால் கட்டாது என்கிற நிலையில் ஒருவரை வைத்துவிட்டு, சட்டப்படி ஓட்டவில்லை என்று நாம் திட்டிக்கொண்டிருந்தோம். அந்த இடைவெளியில் செல்போன் டாக்சிகள் நுழைந்தன. பேரம் போனது உண்மை. ஆனால் மழை பெய்தால் ஏறும் விலையை நிர்ணயிப்பது யார் என்று பயணிக்கும் தெரியாது, ஓட்டுநருக்கும் தெரியாது. முன்பாவது முகத்தைப் பார்த்துச் சண்டை போட ஓர் ஆள் இருந்தார்.

பத்து ரூபாய் டிக்கெட்

1992இல் நாடு முழுவதும் ஒரே அகலம் என்று திட்டம் வந்தது. 1990களின் இறுதியில் எழும்பூருக்கு அகலப் பாதை வந்து சேர்ந்தது. 2004 ஜூலை 1ஆம் தேதி சென்னையின் கடைசி மீட்டர் பாதை மின்சார ரயில் ஓடி முடிந்தது. மேயோ காலத்துச் சிக்கனம் அன்றைக்குத்தான் சென்னையை விட்டுப் போனது. ஆனால் அகலம் ஒன்றான பிறகும் நிலையங்கள் நின்ற இடத்திலேயே நின்றன. கட்டடத்தை நகர்த்த முடியாது அல்லவா?

2018 மே 25இல் நேரு பூங்காவிலிருந்து எழும்பூர் வழியாக சென்ட்ரலுக்குச் சுரங்க மெட்ரோ திறந்தது. இரண்டு நிலையங்களும் முதல் முறையாக, மூட்டையோடு போகிற மனிதருக்கு உதவும்படி இணைந்தன. லிப்டு இருக்கிறது, நகரும் படி இருக்கிறது. முக்கியமாக, விலை அச்சடித்திருக்கிறது.

போன மாதம் அதில் போனேன். நான் ஏறி உட்காரப் பார்ப்பதற்குள் சென்ட்ரல் வந்துவிட்டது. மேலே அந்தப் பாலம் எந்தப் பக்கம் இருக்கும் என்று யோசித்துக்கொண்டே இறங்கினேன். டெல்லி வண்டிக்கு இன்னும் இரண்டே முக்கால் மணி நேரம் இருந்தது. பேத்திக்குச் சொல்லவில்லை.

இதோடு முடித்துவிடலாம். ஆனால் வரலாறு படித்தவனுக்கு ஒரு சொல் சொல்ல வேண்டியிருக்கிறது.

2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கத்தில் தென்மாவட்டப் பேருந்துகளுக்கு என்று மிகப் பெரிய பேருந்து முனையம் திறந்தார்கள். நல்ல கட்டடம், நான் பார்த்திருக்கிறேன். தாம்பரம் - செங்கல்பட்டு ரயில் பாதை அதற்கு எதிரேயே ஓடுகிறது. ஆனால் முனையம் திறந்த அன்று அங்கே ரயில் நிலையம் இல்லை. நிலையம் கட்டும் வேலை அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. விடியற்காலை பேருந்தில் வந்து இறங்கியவர்கள் மூட்டையோடு மாநகரப் பேருந்துக்கும் ஆட்டோவுக்கும் அலைந்தார்கள். வாசலில் ஆட்டோக்காரர் நின்றார். பேரம் நடந்தது. ஊருக்கே தெரிந்த கதை.

அன்று லண்டன் கம்பெனிகள் செய்ததை மன்னித்துவிடலாம். அவர்களுக்கு இறங்கிப் போகும் மனிதர் முக்கியமில்லை, பங்குதாரர் முக்கியம். நாம் ஏன் அதையே செய்கிறோம்? நிலையம் கட்டுவோம், முனையம் கட்டுவோம், வாசலோடு நம் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். வாசலில்தான் ஒரு கிழவிக்குப் பயணமே ஆரம்பிக்கிறது. அங்கே நாம் விட்டுவைக்கிற இரண்டு கிலோமீட்டரை யாரோ ஒருவர் சுமந்துதான் ஆக வேண்டும். ஒரு காலத்தில் அது குதிரை. பிறகு இருமிக்கொண்டே பாலம் ஏறியவர். பிறகு நாலு மணிக்கு வந்து வரிசையில் நின்றவர்.

அந்த ரிக்‌ஷாக்காரரின் பெயரை அப்பாவும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. ஐம்பத்தைந்து வருஷம் ஆகிவிட்டது. முக்கால் ரூபாய் பாக்கி இன்னும் இருக்கிறது.

எழும்பூரில் இறங்கி சென்ட்ரல் போன அனுபவம் உங்களுக்கும் இருக்கும். எந்த வருஷம், எந்த வண்டி, எவ்வளவு கொடுத்தீர்கள் என்று எழுதுங்கள். நம் காலத்து வாடகை விவரம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. நாம் சொன்னால்தான் உண்டு.